இரண்டு கேசட், வலது காது

அக்டோபர் 3

கேசட் வந்து சேர்ந்தது. சி-90, இரண்டு. ஒன்றின் மேல் பால்பாயிண்டில் "ஸ்டோன்ஸ் 4-4-03 பேலஸ் கிரவுண்ட்ஸ்". இன்னொன்றில் எழுத்தே இல்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழு 2003இல் பெங்களூரில் நடத்தின கச்சேரி, கூட்டத்தில் நின்று வாக்மேனில் பதிந்தது. எதையும் இன்னும் ஓட்டவில்லை. இருபது வருசத்துக்கு மேல் பீரோவில் கிடந்த நாடாவுக்கு முதல் ஓட்டமே கடைசி ஓட்டமாகிவிடுவது உண்டு.

24ஆம் தேதிக்குள் முடியணும்.

அக்டோபர் 4

முதல் கேசட்டுக்கு அஞ்சு ஸ்குரு வைத்த கூடு, பிழைத்தோம். நாடாவைப் படிக்கிற ஹெட்டோடு அதை அணைத்துப் பிடிக்கிற கம்பளித் துண்டு, தகட்டிலிருந்து கழண்டு உள்ளேயே உருண்டுகொண்டிருந்தது. அது இல்லாமலும் பாட்டு வரும், ஆனால் போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி வரும். பசை போட்டு ஒட்டவே கூடாது, கசிந்து நாடாவில் ஏறிவிடும். வேறு கேசட்டிலிருந்து தகட்டோடு எடுத்து மாட்டியாச்சு. உயிர் கொடுத்தது ஒரு பழைய காவடிச் சிந்துக் கேசட். முருகன் மன்னிப்பார்.

இரண்டாவது, ஸ்குரு இல்லாமல் ஒட்டின கூடு. விளிம்பில் பிளேடை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளந்து, இரண்டு சக்கரத்தையும் ஒட்டுக்கா தூக்கி ஸ்குரு கூட்டுக்கு மாற்றணும். சி-90 நாடா 12 மைக்ரான் கனம்தான், சி-60 மாதிரி 18 இல்லை. மடிந்தால் மடிந்ததுதான்.

அண்ணன் போனில்: "மழை வருதா கண்ணு அதுல?"
இன்னும் ஓட்டவே இல்லீங்ணா.

அக்டோபர் 6

மழை. எதையும் திறக்கவில்லை.

அக்டோபர் 7

டெக்கின் பெல்ட் உருகித் தார் மாதிரி புல்லியில் அப்பியிருக்கிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து நாலு தடவை. ஒரு பொட்டு மிச்சமிருந்தாலும் புது பெல்ட் அந்த இடத்தில் துள்ளும், சுருதி ஆடும். புது பெல்ட் பாதையின் சுற்றளவைவிட நூற்றுக்கு அஞ்சு குறைவாக இருந்தால் சரியான இழுப்பு. அதைவிட இறுக்கினால் மோட்டார் புஷ் தேயும்.

திருப்பூரில் எதைத் துடைக்கவும் கைக்கு வருவது பனியன் வேஸ்ட். இங்கே மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் பிசிறு ரப்பர் ரோலரில் சுற்றிக்கொண்டு நாடாவை உள்ளே இழுத்துவிடும்.

ஹெட்டின் காந்தத்தை எடுக்கும்போது: டெக் ஆஃப். கருவியை ஒரு முழம் தள்ளி வைத்து ஆன் செய்து, மெல்லப் பக்கத்தில் கொண்டுபோய், அதே மெதுவில் விலக்கி, தூரம் போன பிறகுதான் ஆஃப். பக்கத்தில் இருக்கும்போது கரண்ட் போனால் ஹெட்டில் முன்னைவிட அதிகமாகக் காந்தம் ஏறிவிடும். நம் ஊர்க் கரண்டை நம்பி இதைச் செய்கிறோம்.

அக்டோபர் 9

அண்ணனுக்கு இப்போது வலது காது மட்டும்தான். அதனால் இடதும் வலதும் சேர்ந்த மோனோவாகத்தான் கொடுக்க முடியும். சிக்கலே அங்கேதான். ஸ்டீரியோவாகக் கேட்டால் மன்னித்துவிடுகிற ஹெட்டின் கோணப் பிழையை மோனோ மன்னிக்காது.

கேசட் ஒரு நொடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை நாடாவில் 4.76 மைக்ரான் நீளம். ஹெட் ஒரு இழை சாய்ந்து, இரண்டு தடத்துக்கும் நடுவே அதில் பாதி, 2.4 மைக்ரான், முன்பின்னாகப் போனால் போதும். கூட்டும்போது ஒன்றை ஒன்று தின்றுவிடும். டிரம்ஸின் தட்டான சிம்பலே கேட்காது.

ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த ஸ்குரு. காந்தமில்லாத திருப்புளி. மோனோவில் வைத்து, அரைக்கால் சுற்றாகத் திருப்பி, ஹை-ஹாட் என்கிற ஜோடிச் சிம்பல் எங்கே அதிகம் மின்னுகிறதோ அங்கே நிறுத்தணும். பழைய நிலையை முதலிலேயே நெயில் பாலிஷால் குறித்துக்கொள்ளணும். இன்னொன்று: டெக்குக்குச் சரியான கோணம் வேறு, இந்தக் கேசட்டைப் பதிந்த வாக்மேனின் கோணம் வேறு. நமக்கு வேண்டியது வாக்மேனின் கோணம், அது கோணலாகவே இருந்தாலும். பக்கத்துக்குப் பக்கம் மாறும். நாலு பக்கத்துக்கும் நாலு தடவை.

அக்டோபர் 10

ஷட்டவுன். காலை 9 முதல் மாலை 5.

அக்டோபர் 11

முதல் கேசட் ஏ பக்கம் ஏறிவிட்டது. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், உச்சம் -6 டெசிபல், இரைச்சல் குறைக்கும் டால்பி ஆஃப். 45 நிமிசம் ஒன்றரை ஜிபியைத் தாண்டுகிறது.

ஒலியைச் சுத்தம் பண்ணும் தம்பி, நாடா கெட்டு ஒலி விட்டுப்போனது என்று இருநூறு இடத்துக்கு மேல் "டிராப் அவுட்" குறி போட்டு வைத்திருந்தான். பார்த்தால் எல்லாமே ஹை-ஹாட் விட்டுப்போன இடம், எல்லாமே இரண்டாவது, நாலாவது அடியில். நாடா கெட்டால் இப்படித் தாளக்கட்டோடு கெடாது. அது ஸ்டோன்ஸ் டிரம்மர் சார்லி வாட்ஸ். ஸ்னேர் டிரம்மில் அடி விழும்போது ஹை-ஹாட்டிலிருந்து கையைத் தூக்கிவிடுவார், நெடுநாள் பழக்கம். 2021 ஆகஸ்ட் 24இல் போய்ச் சேர்ந்த மனிதரின் கைத்தூக்கலை நிரப்பி வைக்க இருந்தோம். எல்லாக் குறியையும் எடுக்கச் சொல்லியாச்சு.

அக்டோபர் 13

கச்சேரிக்குப் போனவர்கள் நாலு பேர். நாலு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதினது:

அண்ணன்: முதல் மூணு பாட்டும் கொட்டுகிற மழையில்.
தறிக்காரர்: அதேதான். கூடவே, நடுவில் ஒரு பாட்டில் ஸ்பீக்கர் அமுங்கி மறுபடி எழும்பியது என்கிறார்.
மில்காரர்: மழை, ஸ்பீக்கர் இரண்டும். பாஸ் வாசித்தது பில் வைமன் என்று சத்தியம் செய்கிறார். வைமன் 1993லேயே விலகியாச்சு. அன்று வாசித்தது டாரில் ஜோன்ஸ்.
பொள்ளாச்சிக்காரர்: மழை அவர்கள் மேடைக்கு வருமுன்னே விட்டுவிட்டது. கால் மட்டும் சேற்றில். ஸ்பீக்கர் அமுங்கவே இல்லை. சார்ஸ் நோயால் ஹாங்காங், சீனாக் கச்சேரிகள் தள்ளிப்போன நேரம், இதுவும் நடக்காது என்று வழியெல்லாம் நாயம் பேசிக்கொண்டு போனதாம்.

மூணுக்கு ஒண்ணு.

அக்டோபர் 14

"மழை வந்துச்சா?"
தேடிட்டிருக்கறனுங்ணா.

அக்டோபர் 15

இரண்டாவது கேசட் போகப்போக வேகம் ஏறுகிறது. டெக்கின் குற்றமில்லை. பதியும்போது வாக்மேனில் பேட்டரி இறங்கியிருக்கிறது. நாடா மெதுவாக ஓடிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் எல்லாம் மேலே ஏறிக் கேட்கும். பாடகர் ஜாகர் குரல் பையன் குரலாகிறது.

இரைச்சலில் வரும் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை அளவுகோலாக எடு என்று சொல்வார்கள். மைதானக் கச்சேரிக்குச் சரிவராது, ஜெனரேட்டரின் வேகம் சுமைக்குத் தக்கபடி ஆடும். நம்பத்தக்கது கீத் ரிச்சர்ட்ஸின் கிதார். ஆறாவது கம்பியைக் கழற்றிவிட்டு ஜி-டி-ஜி-பி-டி என்று அஞ்சு கம்பிக்குச் சுருதி சேர்ப்பவர். 'ஹாங்கி டாங்க் விமன்' ஜியில் நிற்கிறது. மூணாவது சப்தகத்து ஜி 196 ஹெர்ட்ஸ் இருக்கணும், இங்கே 203. நூற்றுக்கு மூன்றரை அதிகம், அரைச் சுருதியில் பாதிக்கும் மேலே. அதே பக்கத்தின் தொடக்கத்தில் 198தான். அதனால் மொத்தத்தையும் ஒரே அளவில் இறக்கக்கூடாது, பாட்டுக்குப் பாட்டு அளந்து சரிவாக இறக்கணும்.

அந்தப் பாட்டைத் தொடங்கும் மணி, மாட்டு மணியேதான். இறக்கினபிறகு காங்கேயம் காளை கழுத்தில் கேட்கிற கனத்துக்கு வந்தது.

அக்டோபர் 17

ஸ்பீக்கர் அமுங்கின இடம் கிடைத்தது. முதல் கேசட் பி பக்கம், 22ஆவது நிமிசம். மைக்குக்கு ஒரு சாண் பக்கத்தில் யாரோ விசிலடிக்கிறார்கள். அடுத்த நொடி மொத்தச் சத்தமும் பொத்தென்று இறங்கி, ஏழெட்டு நொடியில் மெல்ல ஏறுகிறது. வாக்மேனின் தானியங்கி லெவல் செய்கிற வேலை அது. மைதானத்தில் ஒன்றுமே நடக்கவில்லை.

தறிக்காரரும் மில்காரரும் மைதானத்தில் கேட்டதாகச் சொல்வது கேசட்டில் கேட்டதை. அந்தக் கேசட்டை அவர்கள் நூறு தடவை கேட்டிருப்பார்கள். பொள்ளாச்சிக்காரர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அக்டோபர் 18

தூக்கமில்லை. அப்போ மழை?

அக்டோபர் 19

முதல் பத்து நிமிசத்தில் சடசடவென்று ஒரு சத்தம். மழை என்றால் மழைதான். பெரிசாக்கிப் பார்த்தேன். பாலிதீனில் விழும் துளி கூரான முள்ளாக, ஒழுங்கில்லாமல், விடாமல் விழும். இது கொத்துக் கொத்தாக, ஸ்னேரோடு சேர்ந்து விழுகிறது. பாட்டு நின்றால் இதுவும் நிற்கிறது. ரெக்கார்டரைச் சுற்றின பாலிதீன் கவர், வைத்திருந்தவர் குதிக்கக் குதிக்கச் சட்டையில் உரசுகிறது.

வைத்திருந்தவர் அண்ணன்.

அக்டோபர் 20

சடசடப்பை எடுத்துவிடலாமா என்று தம்பி கேட்கிறான். ஒரு வடிகட்டியில் போய்விடும். எடுக்காதே என்றேன்.

அக்டோபர் 22

மோனோ முடிந்தது. சிம்பல் நிற்கிறது. ஒத்தைக் காதுக் கருவியில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் குத்தும் என்பதால் அங்கே 2 டெசிபல் இறக்கி இன்னொரு பிரதி. இரண்டும் ஒரே பென் டிரைவில். பக்கம் மாற்றின இடங்களை ஒட்டவில்லை, மௌனமாகவே விட்டிருக்கிறேன்.

அக்டோபர் 23

முதல் பாட்டு ஓடும்போதே அண்ணன் கையைத் தூக்கினார். "பாரு, மழை."