தேய்ந்த காசில் முகத்தைத் தேடி

கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த நாற்பது செப்புக்காசுகள், ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் என் கைக்கு வந்தன. கொடுத்தவர் காசு சேகரிக்கும் பெரியவர். "எல்லாம் ரோமன்தான் தம்பி, எந்த ராஜான்னு மட்டும் பார்த்துச் சொல்லு" என்றார். அந்த 'மட்டும்' மூன்று மாதம் எடுத்தது.

முதல் காசிலேயே சொதப்பினேன். வீட்டில் குத்துவிளக்கு துலக்குகிற பழக்கத்தில் புளி வைத்துத் தேய்த்துவிட்டேன். பச்சைக் களிம்பு போனது, அதோடு எழுத்தும் போனது. தேய்ந்த செம்பில் உருவம் மிஞ்சியிருப்பதே பல நேரம் அந்தப் படலத்தில்தான். அப்புறம் காய்ச்சி வடித்த நீர், மெல்லிய பிரஷ், அவ்வளவே.

அடுத்த தப்பு, தலைப்பக்கத்தையே உற்றுப் பார்த்தது. கி.பி. 4-ஆம் நூற்றாண்டுப் பேரரசர்கள் காசில் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே ஜாடை. உதவியது பின்பக்கம். அறை விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சைக் காசின் விளிம்போடு படுக்க வைத்து, காசை மெதுவாகத் திருப்பினால் ஏதோ ஒரு கோணத்தில் நிழல் எழும். செங்குத்தான கோடுகள் தெரிந்தால் எதிரெதிரே நிற்கும் இரண்டு போர்வீரர்கள். நடுவில் கொடிக்கம்பம் இரண்டு இருந்தால் 330-க்கும் 335-க்கும் இடைப்பட்டது, ஒன்று என்றால் அதற்குப் பிந்தையது. சாய்வாக ஒரு குழப்பம் தெரிந்தால் ஈட்டி பட்டுச் சரியும் குதிரைவீரன், 348-க்குப் பிறகு. நடக்கிற உருவமும் அதன் காலடியில் ஒரு சின்ன முண்டும் என்றால், கைதியை இழுத்துப்போகும் வெற்றித்தேவதை. அது நூற்றாண்டின் கடைசி.

அதே ஆற்றில் சேரர் காசுகளும் கிடைப்பதால் நம் கண்ணுக்கு எல்லாமே வில், யானை. ஒரு குதிரைவீரனை இரண்டு நாள் யானை என்றே நம்பினேன். தராசும் அளவுகோலும்தான் காப்பாற்றின. வெற்றித்தேவதைக் காசுகள் சுமார் 13 மில்லிமீட்டர், ஒரு கிராம் சொச்சம். குதிரைவீரன் அதைவிடப் பெரியவன்.

கடைசியில் பதினொரு காசுக்கு வகை சொல்ல முடிந்தது. ஒன்றில் மட்டும் பெயரின் கடைசி எழுத்துகள், 'உஸ்'. வெற்றித்தேவதைக் காசு அது. தியோடோசியுஸ், ஆர்க்காடியுஸ், ஹொனோரியுஸ், வாலன்டினியானுஸ், அந்த வகையை அடித்த இவர்கள் எல்லோரும் 'உஸ்'தான்! நாலு பேரையும் எழுதிக் கொடுத்தேன்.

பெரியவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எது நல்ல ராஜாவோ அதைப் போட்டுடு தம்பி" என்றார்.