நவம்பர் 1, அல்சூர், பெங்களூரு

கர்நாடக மாநிலம் உருவான நாளையொட்டி இன்று காலை எங்கள் தெருமுனை ஆட்டோ நிறுத்தத்தில் மஞ்சள் சிவப்புக் கொடி ஏற்றி, புவனேசுவரி அம்மன் படத்துக்கு மாலை சாற்றி, வந்தவர்களுக்கெல்லாம் கேசரிபாத் கொடுத்தார்கள். உடன் நின்ற, வட கர்நாடகக் கலபுரகியைச் சேர்ந்த நண்பர், "எங்கள் பக்கம் செப்டம்பர் 17-உம் பெரிய நாள், சார்" என்றார்.

அதில் நியாயம் இருக்கிறது. 1948-இல் அந்த நாளில்தான், அவர் ஊரும் அடங்கியிருந்த நிஜாமின் ஐதராபாத் அரசு இந்தியாவிடம் பணிந்தது. மைசூர், பம்பாய், ஐதராபாத், சென்னை, குடகு என வெவ்வேறு ஆட்சிகளின் கீழ் வாழ்ந்த கன்னடர்கள் 1956-இல் ஒரே மாநிலமாக ஒன்றுசேர்ந்தபோதும் அதன் பெயர் மைசூர் என்றே இருந்தது; வடக்கு மாவட்டங்களின் மனக்குறை நீங்கிக் கர்நாடகம் என்ற பெயர் வர 1973 ஆகிவிட்டது. நிஜாம் ஆட்சிப் பகுதி கல்வியிலும் வேலையிலும் பின்தங்கியிருந்ததால்தான் அப்பகுதிக்குச் சிறப்பு ஏற்பாடுகள் தரும் 371ஜே பிரிவே அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. நண்பரின் கன்னடத்தில் உருதுச் சொற்கள் கலந்திருப்பதும், அவர் வீட்டில் களிக்குப் பதில் சோள ரொட்டி தட்டுவதும் அந்த வரலாற்றோடும் மண்ணோடும் வந்தவை.

பெங்களூருத் தமிழர்களாகிய நமக்கும் இது பொருந்தும். 1809-இல் ஆங்கிலேயர் அமைத்த படைமுகாமைச் சுற்றித்தான் நம் முன்னோர் பலர் குடியேறினர். முகாம் நகராட்சியும் பழைய நகரமும் ஒரே மாநகராட்சியானது 1949-இல்தான். என் பாட்டி கடைசிவரை, அந்த முகாம் பகுதியிலுள்ள சிவாஜிநகருக்குப் புறப்படும்போதெல்லாம், "தண்டுக்குப் (படைமுகாமுக்கு) போய்வருகிறேன்" என்றே சொல்வார்.