அஞ்சறைப் பெட்டியில் ஐங்குறுநூறு: நெட் தமிழ், மூன்றாம் முயற்சி

போன வாரம் யு.ஜி.சி. நெட் என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வின் முடிவு வந்தது. தமிழ்ப் பாடம், உதவிப் பேராசிரியர் தகுதி. மதிப்பெண் பக்கம் திறந்தபோது அடுப்பில் ரசம் நுரைகட்டிக்கொண்டிருந்தது. தகுதி என்ற சொல்லைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மகள் பள்ளியிலிருந்து வந்து எழுப்பும்வரை எழுந்திருக்கவில்லை.

எனக்கு வயது 38. ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை பெண்களுக்கு 35 வரைதான், அதனால் அந்தக் கதவு முன்பே மூடிவிட்டது. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு இல்லை. என்னைப் போல வீட்டில் இருந்துகொண்டு, பிள்ளை வளர்த்துக்கொண்டு, கதைப் புத்தகமும் கையுமாகத் திரிகிறவர்கள் இருந்தால் அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாடத்திட்டம், பதிவு முறை எல்லாம் உங்களுக்குத் தெரியும்.

முதல் முறை தோற்றதற்குக் காரணம் நான் நிறையப் படிப்பவள் என்பதுதான். அப்போது எனக்கு அது புரியவில்லை. முல்லைப்பாட்டை நான்கு மாலை வைத்துப் படித்தேன். கட்டிப்போட்ட கன்று தாயைத் தேடித் தவிக்கிறது. குளிரில் கைகளைத் தோளில் கட்டிக்கொண்டு நிற்கும் ஆயர்மகள் அதனிடம், உன் தாய்மார் இதோ வந்துவிடுவார்கள் என்கிறாள். அந்த இடத்தில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. தேர்வில் வந்தது என்ன? நான்கு நூல்களை அடியளவுப்படி ஏறுவரிசையில் அடுக்கச் சொன்னார்கள். முல்லைப்பாட்டு 103, நெடுநல்வாடை 188, பொருநராற்றுப்படை 248, குறிஞ்சிப்பாட்டு 261. இன்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அன்று ஆயர்மகளின் கைகள் நினைவிருந்தன, எண் ஒன்றுகூட நினைவில்லை.

இரண்டாம் முறை வேறு விதமாகப் போனது. சாகித்திய அகாதெமி விருது பற்றிய பொருத்துக வினா. தி.ஜானகிராமன் என்றதும் மனம் மோகமுள்ளுக்குப் போய்விட்டது. விருது பெற்றது சக்தி வைத்தியம், 1979. பிடித்த நூல்தான் விருது பெற்ற நூலாகவும் இருக்கும் என்று வாசகருக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. அசோகமித்திரன் என்றால் உங்கள் மனதில் எந்த நாவல் வருகிறதோ, அது இல்லை. அப்பாவின் சிநேகிதர், 1996. விருதுப் பட்டியலைத் தனியாகவே படியுங்கள், உங்கள் அலமாரியை நம்பாதீர்கள். அந்த முறை மிகக் குறைந்த வித்தியாசத்தில் போனது. ஒரு வினாவுக்கு 2 மதிப்பெண் என்பது எவ்வளவு பெரிது என்று அன்று இரவு தெரிந்தது.

சரி, மூன்றாம் முறை என்ன மாற்றினேன்? ஒன்றே ஒன்றுதான். படிக்கும் நேரத்தைக் குறைத்தேன், புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பார்க்கும் நேரத்தைக் கூட்டினேன். காலை 5 முதல் 6 வரை மட்டும் புதுப் படிப்பு. அதற்குள் தண்ணீர் வந்துவிடும், குடம் நிரப்ப வேண்டும். அதன்பின் இரவுவரை புத்தகத்தைத் தொடுவதில்லை. வேலை செய்துகொண்டே வாய்விட்டுச் சொல்வேன். தடுமாறிய இடத்தை இரவில் மட்டும் எடுத்துப் பார்ப்பேன்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நூல் என்று வைத்துக்கொண்டேன். எல்லாம் அஞ்சறைப் பெட்டியில்தான் தொடங்கியது. எங்கள் வீட்டுப் பெட்டியில் ஏழு கிண்ணம். ஒருநாள் தாளிக்கும்போது, ஏழு திணையும் இதில் அடங்குமே என்று தோன்றியது. ஐங்குறுநூற்றில் ஐந்து திணையை ஐந்து புலவர்கள் பாடியிருக்கிறார்கள், அவர்கள் பெயரையும் சேர்த்துக்கொண்டேன். வயலில் விளையும் மஞ்சள் மருதம், ஓரம்போகியார். உப்பு அந்தப் பெட்டியில் இருக்காது, அதனால் மணல்போல இருக்கும் கடுகை நெய்தலாக்கினேன், அம்மூவனார். மிளகு மலையில் விளைவது, குறிஞ்சி, கபிலர். மிளகாய் வற்றல் பாலை, ஓதலாந்தையார். வெள்ளை உளுத்தம்பருப்பு முல்லை, பேயனார். சீரகம் கைக்கிளை, வெந்தயம் பெருந்திணை. பெட்டியைச் சுற்றி வந்தால் ஐங்குறுநூற்றின் வரிசையும் வந்துவிடும், மருதத்தில் தொடங்கி முல்லையில் முடியும். ஒரு மாதம் கழித்து, மிளகை எடுக்கக் கை போனாலே கபிலர் என்று வாய் சொல்லியது. இந்த வரிசை தேர்வில் வந்தது. விடையைத் தேர்ந்தபோது மிளகின் வாசனை வந்ததுபோல இருந்தது.

துணி மடிப்பதற்கு அகநானூறு. பத்துப் பத்தாக எண்ணி மடிப்பேன். 1, 3, 5, 7, 9 பாலை. 2, 8 குறிஞ்சி. 4 முல்லை, 6 மருதம், 10 நெய்தல். 400 பாட்டுக்கும் இதுவே முறை, ஆகவே பாலை 200, குறிஞ்சி 80, மற்றவை 40 வீதம். ஈரத்துணி எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறும்போது உ.வே.சா. பதிப்புகள், படிக்கு ஒன்று. சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. பாத்திரம் தேய்க்கும்போது நாவல் வரலாறு. கீரை ஆயும்போது மட்டும் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. அது எனக்குப் பிடித்த வேலை, சும்மா இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எல்லாப் பாடத்தாருக்கும் பொதுவான முதல் தாளுக்குப் பயப்படும் தமிழ் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வினா ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், உண்மைதான். ஆனால் வாசகருக்கு அதிலும் சொந்த நிலம் உண்டு. இந்தியத் தருக்கவியல் பகுதியில் ஆறு பிரமாணங்களை, அதாவது உண்மையை அறியும் வழிகளை, பார்த்து மிரண்டுபோயிருந்தேன். அப்புறம் மணிமேகலையின் 27ஆம் காதையைத் திறந்தேன். அளவை என்றால் பிரமாணம்தான். அளவைவாதி அங்கே அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான்: அளவைகளை வியாதர் பத்து என்பார், கிருதகோடி எட்டு என்பார், சைமினி ஆறு என்பார். பிரத்தியட்சம் என்பது காண்டல், அனுமானம் என்பது கருதல். இத்தனை நாள் நம் வீட்டிலேயே இருந்திருக்கிறது! அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் எனக்கு ஒரு வினாவும் தவறவில்லை.

மற்றவை சுருக்கமாக:

– தமிழ்ப் பாடத்துக்கான இரண்டாம் தாளை முதலில் செய்தேன். தெரிந்த ஊரில் நடந்தால்தான் எனக்குத் துணிச்சல் வரும். கணக்கில் கெட்டிக்காரர்கள் மாற்றிச் செய்யலாம்.
– தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. 150 வினாவில் ஒன்றையும் விடாதீர்கள்.
– கூற்று – காரணம் வினாவில் இரண்டையும் தனித்தனியாகச் சரிபாருங்கள். இரண்டும் சரியாக இருந்து, காரணம் பொருந்தாமல் போவது உண்டு.
– மூல நூலை இணையத்தில் படிக்கத் தமிழ் இணையக் கல்விக்கழகம் போதும். வழிகாட்டி நூல்கள் இரண்டு வாங்கினேன். ஒன்றில் ஆண்டுகள் நிறையத் தவறாக இருந்தன, தூக்கிப் போட்டுவிட்டேன்.
– விடைக்குறிப்பை மறுத்து எழுத வினாவுக்கு 200 ரூபாய். ஆதாரப் பக்கம் கையில் இருந்தால் மட்டும் கட்டுங்கள்.

கடைசியாக, எல்லாரும் உங்களுக்குச் சொல்லப்போகும் அறிவுரை ஒன்று உண்டு: தேர்வு முடியும்வரை கதைப் புத்தகத்தைத் தொடாதே. முதல் முறை நானும் கேட்டேன். நாவல்களை அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினேன். மூன்று மாதம் வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். பாடப் புத்தகத்திலும் கண் ஓடியதே தவிர மனம் நிற்கவில்லை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இந்த முறை பெட்டியை இறக்கிவிட்டேன். இரவு ஒன்பதரைக்கு அடுக்களை விளக்கை அணைத்ததும் அரை மணி நேரம் எனக்கே எனக்கு. குறிப்பு எடுப்பதில்லை, ஆண்டு பார்ப்பதில்லை. சன்னலோரம் பாய் போட்டு, கழுவிய கை இன்னும் சில்லென்று இருக்கும்போதே பக்கத்தைத் திருப்புவேன். தேர்வுக்கு முந்தைய இரவும் படித்தேன். மறுநாள் காலை மையத்துக்குப் போகும் பேருந்தில் பக்கத்தில் இருந்த பெண் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தாள், எனக்கும் கை துறுதுறுத்தது. பையில் குறிப்பேடு இல்லை, வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். சன்னலைப் பார்த்துக்கொண்டு மஞ்சளில் தொடங்கி உளுந்துவரை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.