நைட்ராக்ஸ் போட்டால் போதை ஏறாதா?

ஆக்சிஜன் கூட்டிய காற்றான நைட்ராக்ஸைச் சுவாசித்தால், ஆழத்தில் வாயு அழுத்தத்தால் வரும் மயக்கம், அதாவது போதை, ஏறாது என்பது சென்னை ஸ்கூபா டைவர்களிடம் அடிக்கடி காதில் விழும் பேச்சு. ஏறும். ஆக்சிஜனும் நைட்ரஜன் அளவுக்கே மயக்கும் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். 32 சதவீத ஆக்சிஜன் உள்ள நைட்ராக்ஸ் டீகம்ப்ரஷனுக்கு, அதாவது உடலில் கரைந்த நைட்ரஜன் மேலே வரும்போது வெளியேறுவதற்கு, உதவும், அவ்வளவுதான். ஆக்சிஜனின் அழுத்தத்துக்கு 1.4 பார் வரம்பு வைத்தால் அது 33 மீட்டரோடு சரி. அதற்குக் கீழே போகப் போக வலிப்பு அபாயம் கூடும்.

40 மீட்டரில் மொத்த அழுத்தம் 5 பார். சாதாரணக் காற்றென்றால் நைட்ரஜன் மட்டுமே கிட்டத்தட்ட 4. போதை ஏறினால், சிலிண்டர் கேஜில் 90 பார் என்று படிப்பீர்கள், அடுத்த நொடியே மறந்து மறுபடி பார்ப்பீர்கள். உடனே சில மீட்டர் மேலே வாருங்கள், தெளியும். இருட்டும் கலங்கலும் இதை மோசமாக்கும். நம்ம கடலில் கலங்கலுக்கா பஞ்சம்!

60 மீட்டருக்கு 18/45 ட்ரைமிக்ஸ்: 18 சதவீத ஆக்சிஜன், 45 சதவீத ஹீலியம், மீதி நைட்ரஜன். அங்கே ஆக்சிஜன் 1.26 பார்; 45 சதவீத ஹீலியம் மயக்காது என்பதால், போதை காற்றில் 28 மீட்டர் போன அளவுக்குத்தான். விலை கண்ணைக் கட்டும், வேறு வழியில்லை.

சிலிண்டரில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று அளக்கும் அனலைசரை வெளிக்காற்றில் 20.9க்கு வைக்காதீர்கள். சென்னைப் புழுக்கத்தில் காற்றில் ஈரம் அதிகம், ஆக்சிஜன் அதைவிடக் குறைவு. அதனால் 32 சதவீத நைட்ராக்ஸைக் கிட்டத்தட்ட 33 என்று காட்டும். வெறும் காற்று நிரப்பிய சிலிண்டரில் வைத்துச் சரிசெய்யுங்கள்.