வைரஸின் கத்தி

அம்மம்மாவின் காற்புண்ணுக்கு மூன்றாவது தடவையாக அன்டிபயோட்டிக் மாற்றியிருக்கிறார்கள். மருந்தோடு கல்லடிப் பாலத்தால் திரும்பும்போது எண்டோலைசின் நினைவுக்கு வந்தது.

பக்டீரியாவைக் கொல்லும் பேஜ் வைரஸ், உள்ளே பெருகி முடிந்ததும் வெளியேறுவதற்காக எண்டோலைசின் என்ற நொதியத்தால் அதன் கலச்சுவரை அறுக்கும். அந்தப் புரதத்தை மட்டும் தனியே எடுத்து வெளியிலிருந்து பூசினாலும் ஸ்டெபிலோகொக்கஸ் போன்ற பக்டீரியாக்களின் சுவர் கிழியும். அப்புறம் உள்ளழுத்தத்திலேயே வெடித்துவிடும். 2001இல் எலிகளின் தொண்டையில் இருந்த ஸ்ட்ரெப்டோகொக்கஸை இப்படித் துடைத்துக் காட்டினார்கள். நல்ல பக்டீரியாவைப் பெரும்பாலும் தொடாது என்பதுதான் எனக்குப் பிடித்தது. ஈ கோலை வகை பக்டீரியாவுக்குச் சுவருக்கு மேலே ஒரு வெளிச்சவ்வு இருப்பதால் அது அவ்வளவு லேசில் மசியாது.

அம்மம்மாவிடம் சொன்னேன். “வைரஸையா மனே என்ட காலில பூசப்போறாய்?” என்று காலை இழுத்துக்கொண்டார்.

வைரஸ் இல்லை அம்மம்மா, அதன் கத்தி மட்டும்.