செம்பு வாஷரும் முகப்பவுடரும்

குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைக்கிற அப்பா காலத்து டீசல் இன்ஜின், கிளப்பினால் கொஞ்சம் ஓடி நின்றுவிடும். அடியில் மண்ணும் நனைந்து கிடந்தது. டீசல் வரும் லைனில் கசிகிறது, நின்றதும் அதே வழியாக ஏர் (காற்று) எடுக்கிறது.

பிசுக்கோடு தேடினால் எல்லா இடமும் கசிவதாகத்தான் தெரியும். டீசல் டேங்கிலிருந்து, டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப் வரை துணியால் நன்றாகத் துடைத்து, முகப்பவுடரைத் தூவிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஃபில்டர் தலையில், லைனைப் பிடிக்கும் போல்ட்டைச் சுற்றி மட்டும் பவுடர் ஈரமாகிக் கறுத்தது. போல்ட்டின் இரு பக்கமும் உள்ள செம்பு வாஷர்கள் பல தடவை முறுக்கப்பட்டு இறுகிப்போயிருந்தன. புதுசு கிடைத்தால் அதையே போடுங்கள். கடை பூட்டியிருந்ததால், பழையதையே வீட்டு அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டேன். செம்பு இப்படித்தான் இளகும். கருக்கை உப்புத்தாளில் தேய்த்து மாட்டினேன். பிறகு லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற ஃபில்டர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்கினேன். சொட்டு இல்லை.

அந்த டீசல் பம்பிலிருந்து, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் ஸ்டீல் லைனில் கசிந்தால் மட்டும், இன்ஜின் ஓடும்போது விரல் வைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள். அங்கே அழுத்தம் 100 பாருக்கு மேல். டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே புள்ளி அளவு காயம்தான் தெரியும். ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.