ஓ.எல். எழுதிட்டு வீட்டுல இருக்கிற பிள்ளைகளுக்கு

ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) முடிஞ்ச கையோட ஹட்டன் பஸ் ஸ்டாண்டுல பையோட நிக்கிற பொடியன்களைப் பார்க்கிறேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் கொழும்புல ஒரு கடையில நிப்போம்னுதான் போறாங்க. சம்பளக் காசைக் கையில பார்த்தப்புறம் திரும்பப் படிக்க வர்றது கொஞ்சப் பேருதான். பெத்தவங்களைக் குறை சொல்லவும் மனசு வரல. தேயிலைக் கொழுந்து பறிக்கிற சம்பளத்துல எத்தனை வாய்!

எங்க தோட்டத்து லயத்துல ஒரு பிள்ளை. கணக்குல டபிள்யூ, அதாவது ஃபெயில். ஆனா பழுதான ரைஸ் குக்கரைக் கழட்டி, எரிஞ்ச ஃபியூஸை மாத்தி, திரும்பப் பூட்டிக் குடுத்துருவா. அவகிட்டயும் "டீச்சரா, நர்ஸா?"ன்னுதான் எல்லாரும் கேக்கிறாங்க. இந்த ரெண்டையும் விட்டா நமக்கு வேற தொழிலே தெரியாது போல.

என்.வி.கியூ., அதாவது தேசிய தொழில் தகைமைன்னு ஒண்ணு இருக்குங்க. மொத்தம் 7 படி. 4 வரைக்கும் தொழில் சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். கரண்ட் வேலை, வெல்டிங், சமையல்னு ஆரம்பிச்சு இரத்மலானை யூனிவோடெக் பல்கலைக்கழகம் வரைக்கும் போக வழி இருக்கு. ஏ.எல்.லயும் (உயர்தரம்) 2013லருந்து தொழில்நுட்பப் பிரிவு இருக்கு.

ஒண்ணு மட்டும் கவனம். டவுன்ல கலர் நோட்டீஸ் குடுக்கிற கோர்ஸ் எல்லாத்துக்கும் என்.வி.கியூ. கிடையாது. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவுல பதிஞ்சிருக்கான்னு கேளுங்க. முழிச்சாங்கன்னா காசு கட்டாம எழும்பி வந்துருங்க.